ஒரு லிட்டர் பாலுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

வெண்மைப் புரட்சி என்றால் என்ன என்று கேட்டால் நம் மாணவர்கள் சட்டென்று பதில் சொல்லிவிடுவார்கள். பால் உற்பத்தியைப் பெருக்கிய திட்டம், அதன் தந்தை வர்கீஸ் குரியன், பால் உற்பத்தியில் இந்தியாவுக்கு உலகில் முதலிடம். இரண்டு மதிப்பெண் கிடைத்துவிடும். அதே மாணவரிடம், "உங்கள் வீட்டுப் பாலுக்கு சொசைட்டியில் லிட்டருக்கு என்ன விலை போடுகிறார்கள்? பக்கத்து வீட்டுக்காரருக்கு ஏன் ஒரு ரூபாய் கூடுதல்?" என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். பதில் அவர்கள் வீட்டிலேயே, பால் அட்டையில் எழுதியிருக்கிறது. அதைப் படிக்க நாம்தான் கற்றுத்தரவில்லை.

நான் ஒரு கிராமப்புற அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். என் வகுப்பில் ஏறத்தாழ பாதிப் பிள்ளைகளின் வீட்டில் ஒன்றோ இரண்டோ கறவை மாடுகள் உண்டு. நெல்லும் கரும்பும் அறுவடைக்கு அறுவடைதான் பணம் தரும். பால் பணம் மட்டுமே சில நாட்களுக்கு ஒருமுறை தவறாமல் வீட்டுக்கு வரும். மளிகைக் கடன் அடைவதும், மருந்து வாங்குவதும், மேற்படிப்புக்கு விண்ணப்பம் போடுவதும் அந்தப் பணத்தில்தான். லிட்டருக்கு இரண்டு ரூபாய் இறங்கினால் "மாட்டை விற்றுவிடலாமா" என்ற பேச்சு அந்த வீடுகளில் எழுகிறது. அந்த இரண்டு ரூபாயை ஏற்றுவதும் இறக்குவதும் பெரும்பாலும் அரசின் கொள்கைகள்தாம். அவை எப்படி வேலை செய்கின்றன என்பதை ஆசிரியர்களாகிய நாம் தெரிந்துகொண்டால், ஒரு பாடம் உயிர் பெறும். பிள்ளைகளின் வீட்டுச் சூழலும் நமக்குப் புரியும்.

பாலுக்கு விலை எப்படி வருகிறது?

பாலில் பெரும்பங்கு தண்ணீர். பால் பண்ணைகள் உண்மையில் விலை கொடுப்பது அதிலுள்ள கொழுப்புக்கும், புரதம், சர்க்கரை, தாது உப்புகள் அடங்கிய கொழுப்பற்ற திடப்பொருளுக்கும்தான். சொசைட்டியில் இந்த இரண்டாவதை எஸ்.என்.எஃப். என்பார்கள். இரண்டையும் அளந்து, விலைப் பட்டியலில் பொருத்திப் பார்த்துத்தான் ஒவ்வொருவருடைய பாலுக்கும் விலை போடப்படுகிறது.

ஆகவே, "பசும்பால் கொள்முதல் விலை 35 ரூபாய்" என்று செய்தித்தாளில் வந்தால், அது ஒரு குறிப்பிட்ட தரமுள்ள பாலுக்கான விலை. அந்தத் தரத்துக்குக் கீழே போனால் விலையும் குறையும். தீவனம் சரியாகக் கிடைக்காத மாட்டின் பாலில் சத்து குறைவது இயல்பு. தீவனம் வாங்க வசதி இல்லாத வீட்டுக்கு விலையும் குறைவாகக் கிடைக்கிறது என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

நெல்லுக்கும் கோதுமைக்கும் மத்திய அரசு குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கிறது. பாலுக்கு அப்படி ஒன்று இல்லை. தமிழ்நாட்டில் ஆவின் தரும் கொள்முதல் விலையே நடைமுறையில் ஓர் அடித்தளமாக இருக்கிறது. தனியார் பால் நிறுவனங்கள் அதைப் பார்த்துத் தங்கள் விலையை வைக்கின்றன. பால் தட்டுப்பாடான மாதங்களில் கூடுதலாகவும், பால் பெருகும் மாதங்களில் குறைவாகவும் கொடுக்க அவர்களால் முடியும். சொசைட்டி இல்லாத ஊரில் அந்த அடித்தளமும் இல்லை.

ஒரு மாட்டின் கணக்கு

வகுப்பில் நான் பயன்படுத்தும் கணக்கை இங்கே தருகிறேன். எண்கள் எல்லாம் பாடத்துக்காக வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் நிலவரத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

ஒரு கலப்பினப் பசு. ஒரு ஈற்றுக்கும் அடுத்த ஈற்றுக்கும் இடையே 400 நாட்கள். அதில் 300 நாட்கள் கறவை, 100 நாட்கள் வற்றுக்காலம். கறவை நாட்களில் சராசரியாக 8 லிட்டர். முழுவதையும் விற்பதாகக் கொண்டால் 2,400 லிட்டர். லிட்டருக்கு 35 ரூபாய் என்றால் வரவு 84,000 ரூபாய்.

இனி செலவு. கறவை நாட்களில் தினம் நாலரை கிலோ அடர்தீவனம், வற்றுக்காலத்தில் தினம் 2 கிலோ. மொத்தம் 1,550 கிலோ. கிலோ 28 ரூபாய் என்று வைத்தால் 43,400 ரூபாய். வைக்கோலுக்கும் பசும்புல்லுக்கும் நாளைக்கு 40 ரூபாய் வீதம் 400 நாளுக்கு 16,000. சினை ஊசி, மருந்து, தாது உப்பு, காப்பீடு எல்லாம் சேர்த்து 4,600. ஆக மொத்தச் செலவு 64,000 ரூபாய். மீதி 20,000. நாள் ஒன்றுக்கு 50 ரூபாய்.

இதில் மாடு வாங்கிய கடனுக்கு வட்டி சேர்க்கவில்லை. கன்றும் சாணமும் தரும் வரவையும் சேர்க்கவில்லை. தீனி போட்டு, தண்ணீர் காட்டி, கொட்டில் கூட்டி, பால் கறந்து, சொசைட்டிக்குக் கொண்டுபோய் ஊற்றும் வேலைக்குக் கூலியும் போடவில்லை. நாளைக்கு மூன்று மணி நேரம் என்றால் அந்த 50 ரூபாய்தான் கூலி. மணிக்கு 17 ரூபாய்கூட வரவில்லை.

மொத்தச் செலவில் தீவனத்தின் பங்கு பத்தில் ஒன்பதுக்கும் மேல் என்பதை மாணவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். கூலியையும் வட்டியையும் சேர்த்தால் அந்தப் பங்கு குறையும்; ஆனாலும் பெரிய செலவு தீவனம்தான்.

மூன்று ரூபாய் என்ன செய்யும்?

2022 நவம்பர் 5 முதல் ஆவின் பசும்பால் கொள்முதல் விலை 32 ரூபாயிலிருந்து 35 ஆகவும், எருமைப் பால் விலை 41-லிருந்து 44 ஆகவும் உயர்ந்தது. 2023 டிசம்பர் 18 முதல் லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகையைத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. பக்கத்து மாநிலமான கர்நாடகத்தில் கூட்டுறவுச் சங்கங்களுக்குப் பால் ஊற்றுவோருக்கு லிட்டருக்கு 5 ரூபாய் ஊக்கத்தொகை வழங்கும் திட்டம் இருக்கிறது.

3 ரூபாய் ஊக்கத்தொகையை நம் கணக்கில் போடுவோம். 2,400 லிட்டருக்கு 7,200 ரூபாய். மீதி 20,000 என்பது 27,200 ஆகிறது. விலையில் கூடியது 9 விழுக்காட்டுக்கும் குறைவு. வீட்டுக்கு மிஞ்சும் வருமானத்தில் கூடியது 36 விழுக்காடு. சிறிய லாபத்தில் நடக்கும் தொழிலில் விலையின் சிறு அசைவு ஏன் இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதற்கு இதுவே விடை.

இப்போது அடர்தீவனம் கிலோவுக்கு 3 ரூபாய் ஏறினால்? 1,550 கிலோவுக்கு 4,650 ரூபாய். கிடைத்த ஊக்கத்தொகையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தீவனக் கடைக்குப் போய்விடுகிறது. பிண்ணாக்கும் மக்காச்சோளமும் விலை ஏறினால் பால் விலை உயர்வின் பலன் வீட்டில் தங்காது.

மூன்றாவதாக ஒன்றையும் பார்க்கலாம். மாடு சரியான பருவத்தில் சினை பிடிக்காமல், வற்றுக்காலம் 60 நாள் நீண்டுவிட்டது. அந்த 60 நாளும் பால் இல்லை. தீனி மட்டும் உண்டு. நாளைக்கு 96 ரூபாய் வீதம் 5,760 ரூபாய் செலவு. லிட்டருக்கு 2 ரூபாய் 40 காசு விலை இறங்கியதற்கு இது சமம். விலையைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். சினை ஊசி போடுபவர் நேரத்துக்கு வந்தாரா என்பது கிட்டத்தட்ட அதே அளவு பெரிய கேள்வி. அதைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை.

மானியம் நுழையும் வாசல்கள்

மானியம் என்றவுடன் பிள்ளைகள் "அரசு தரும் பணம்" என்று எழுதுகிறார்கள். எவ்வளவு பணம் என்பதைவிட எந்த வாசல் வழியாக அது உள்ளே வருகிறது என்பதே யாருக்குப் பலன் என்பதைத் தீர்மானிக்கிறது. பால் தொழிலில் இதை நான்கு வாசல்களாகப் பிரித்துச் சொல்கிறேன்.

முதல் வாசல் விலை. லிட்டருக்கு இவ்வளவு என்று கொடுக்கும் ஊக்கத்தொகை எளிது, உடனே கைக்கு வரும். ஆனால் அது ஊற்றும் பாலின் அளவுக்கு ஏற்பக் கிடைக்கிறது. நம் கணக்குப்படி ஒரு மாடு உள்ள வீட்டுக்கு 7,200 ரூபாய் என்றால், பத்து மாடு உள்ள பண்ணைக்கு 72,000. மாடு வற்றியிருக்கும் மாதங்களில், பணம் மிகவும் தேவைப்படும் நேரத்தில், ஒன்றும் கிடைக்காது. தனியாருக்குப் பால் ஊற்றுபவருக்கும் கிடைக்காது. இந்தக் கடைசி விளைவுக்கு ஒரு நன்மையும் உண்டு: கூட்டுறவுக்கு வரும் பால் கூடும்.

இரண்டாம் வாசல் செலவு. கோமாரி நோய்க்கு இலவசத் தடுப்பூசி, அரசு கால்நடை மருந்தகம், 1962 என்ற எண்ணை அழைத்தால் வரும் கால்நடை மருத்துவ ஊர்தி, தீவனப்புல் வளர்க்க உதவி, காப்பீட்டுக் கட்டணத்தில் மானியம் ஆகியவை இதில் அடங்கும். கோமாரி நோயையும் கன்று வீச்சு நோயையும் கட்டுப்படுத்த 2019-இல் மத்திய அரசு தொடங்கிய தேசியத் திட்டமும் இந்த வகைதான். இவை கண்ணுக்குத் தெரியும் பணமாக வருவதில்லை. மாடு சாகாமல் இருந்தது, காலத்தில் சினையானது என்ற வடிவில்தான் வரும். ஒரே மாடு வைத்திருக்கும் வீட்டுக்கு இந்த வாசல்தான் பெரிய பாதுகாப்பு. பத்து மாட்டில் ஒன்று போனால் பத்தில் ஒரு பங்கு நட்டம். இருக்கும் ஒரே மாடு போனால் எல்லாமே போயிற்று.

மூன்றாம் வாசல் மாடு, அதாவது முதலீடு. தமிழ்நாட்டில் 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா கறவை மாடு திட்டம், ஆண்டுக்கு 12,000 வீதம் 5 ஆண்டுகளில் 60,000 மாடுகளை ஏழைப் பெண்களுக்கு வழங்கத் திட்டமிட்டது. 2018-19 நிதிநிலை அறிக்கையில் கிசான் கடன் அட்டை கால்நடை வளர்ப்போருக்கும் விரிவாக்கப்பட்டது. நிலம் இல்லாத குடும்பம் தொழிலுக்குள் நுழைய இத்தகைய உதவி இல்லாமல் முடியாது. ஆனால் மாடு வந்த மறுநாளே தீனி வேண்டும், ஊற்ற அருகில் சொசைட்டி வேண்டும். இரண்டாம் வாசல் மூடியிருந்தால் மூன்றாம் வாசல் வழியாக வந்த மாடு நெடுநாள் கொட்டிலில் நிற்காது.

நான்காம் வாசல் நாட்டின் எல்லை. வெளிநாட்டுப் பால் பொருட்கள் மீது இந்தியா இறக்குமதி வரி விதிக்கிறது. 2019 நவம்பரில் ஆர்.சி.இ.பி. என்ற ஆசிய-பசிபிக் வணிக ஒப்பந்தத்தில் சேராமல் இந்தியா விலகியது. நியூசிலாந்திலிருந்து மலிவான பால் பவுடர் வந்து குவிந்துவிடும் என்ற பால் உற்பத்தியாளர்களின் அச்சம் அதற்கான காரணங்களில் ஒன்று. வரி என்பதும் ஒருவகை உதவிதான். அதை அரசு கருவூலத்திலிருந்து கொடுப்பதில்லை, வாங்குபவர் விலையில் கொடுக்கிறார்.

வாங்குபவரும் ஒரு தரப்புதான்

2021 மே மாதம் ஆவின் பால் விற்பனை விலை லிட்டருக்கு 3 ரூபாய் குறைக்கப்பட்டது. நீல நிற உறையில் வரும் சமன்படுத்திய பால் 43-லிருந்து 40 ரூபாய் ஆனது. நகரத்துத் தொழிலாளர் குடும்பத்துக்கு இது பெரிய உதவி. 2022 நவம்பரில் கொள்முதல் விலை 3 ரூபாய் உயர்ந்தபோதும் நீல நிறப் பாலின் விலை 40 ஆகவே இருந்தது. ஆரஞ்சு நிற உறையிலுள்ள நிறைகொழுப்புப் பாலின் சில்லறை விலை மட்டும் 48-லிருந்து 60 ஆனது. அட்டைதாரர்களுக்கு அதுவும் மாறவில்லை.

35 ரூபாய்க்கு வாங்கிய பாலைக் குளிரூட்டி, லாரியில் ஏற்றி, பதப்படுத்தி, உறையிலிட்டு, முகவருக்குத் தரகு கொடுத்து 40 ரூபாய்க்கு விற்க வேண்டும். சமன்படுத்திய பாலில் 3 விழுக்காடு கொழுப்புதான் இருக்கும். எடுத்த கொழுப்பை நெய்யாகவும் வெண்ணெயாகவும் விற்கலாம். அப்படியும் இடைவெளி குறுகியதுதான். விற்பனை விலையை உயர்த்தாமல் உற்பத்தியாளருக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டுமானால் மீதியை அரசு தன் வரவு செலவிலிருந்து போட வேண்டும். ஊக்கத்தொகை தேவைப்படுவது இதனால்தான். வாங்குபவருக்கு மலிவு, விற்பவருக்குக் கட்டுபடியாகும் விலை, அரசுக்குச் சுமையின்மை: மூன்றையும் ஒரே நேரத்தில் தர யாராலும் முடியாது. எதைச் சற்று விட்டுக்கொடுப்பது என்று தேர்ந்தெடுப்பதற்குத்தான் கொள்கை என்று பெயர்.

சந்தையில் பவுடர் விலை விழுந்தால் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையாகும். 2018 ஜூலையில் மகாராட்டிரத்தில் பால் உற்பத்தியாளர்கள் பாலை நிறுத்திப் போராடினார்கள். லிட்டருக்குக் குறைந்தது 25 ரூபாய் கொடுக்கவேண்டும் என்றும், அதற்காகப் பால் ஆலைகளுக்கு லிட்டருக்கு 5 ரூபாய் மானியம் என்றும் அம்மாநில அரசு அறிவித்தது. ஆலை வழியாகக் கொடுப்பதா, உற்பத்தியாளரின் வங்கிக் கணக்கில் கொடுப்பதா என்பதும் வகுப்பில் விவாதிக்க ஏற்ற கேள்வி.

ஐரோப்பாவில் தேங்கிய பால்

விலைக்கு வரம்பில்லாமல் ஆதரவு கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஐரோப்பா பாடம். வெண்ணெயும் பால் பவுடரும் குறிப்பிட்ட விலைக்குக் கீழே போனால் தானே வாங்கிக்கொள்வதாக ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் உறுதி கொடுத்தது. விலை உறுதி என்றதும் உற்பத்தி பெருகியது. கிடங்குகளில் தேங்கிய வெண்ணெயை "வெண்ணெய் மலை" என்றே மக்கள் அழைத்தார்கள். 1984-இல் ஒவ்வொரு நாட்டுக்கும் பால் அளவு நிர்ணயம் செய்து, மீறினால் அபராதம் விதித்தார்கள். அந்த முறை 2015 மார்ச் 31-இல்தான் முடிவுக்கு வந்தது.

அந்தத் தேக்கத்துக்கும் நமக்கும் ஒரு நேரடித் தொடர்பு உண்டு. 1970-இல் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டத்துக்கு முதல் மூலதனம், ஐரோப்பா உலக உணவுத் திட்டம் வழியாக நன்கொடையாகத் தந்த பால் பவுடரும் வெண்ணெய் எண்ணெயும்தான். அவற்றை இலவசமாகப் பங்கிட்டிருந்தால் நம் ஊர்ப் பாலின் விலை சரிந்திருக்கும். பாலாக மாற்றி நகரங்களில் விற்று, வந்த பணத்தில் கிராமச் சங்கங்களையும் குளிரூட்டும் நிலையங்களையும் கட்டினார்கள். முதல் கட்டத்தில் 18 பால்வள மாவட்டப் பகுதிகள் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களோடு இணைக்கப்பட்டன. சென்னை லயோலா கல்லூரியிலும் கிண்டி பொறியியல் கல்லூரியிலும் படித்த குரியனின் பெரிய சாதனை இதுதான் என்று மாணவர்களிடம் சொல்வேன். உற்பத்தியாளரை அழித்திருக்கக்கூடிய ஒரு நன்கொடை, அவருக்கு அடித்தளமாக மாற்றப்பட்டது. மானியம் எந்த வாசலில் நுழைகிறது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

அமெரிக்கா வேறொரு வழியைப் பிடித்திருக்கிறது. 2018-ஆம் ஆண்டு வேளாண் சட்டத்தின்படி, பால் விலையைத் தனியாகப் பார்ப்பதில்லை. பால் விலையிலிருந்து தீவனச் செலவைக் கழித்து, அந்த இடைவெளி உற்பத்தியாளர் தேர்ந்தெடுத்த அளவுக்குக் கீழே போனால் ஈட்டுத்தொகை தருகிறார்கள். நம் ஒரு மாட்டுக் கணக்கில் தீவன விலை ஊக்கத்தொகையைத் தின்றதை நினைவுகூர்ந்தால், இந்த யோசனையின் பொருள் மாணவர்களுக்கு உடனே விளங்கும்.

வகுப்பறையில் என்ன செய்யலாம்?

தொடக்கப் பள்ளியில் லிட்டர், மில்லி லிட்டர், தசம எண்கள் கற்பிக்கும்போது ஒரு மாதிரிப் பால் அட்டையைப் பயன்படுத்தலாம். காலையில் 3.4 லிட்டர், மாலையில் 2.8 லிட்டர், பத்து நாளுக்கு எவ்வளவு? பிள்ளைகளுக்குப் பழகிய எண்கள் என்பதால் பயம் இருக்காது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை விழுக்காடும் லாப நட்டமும் வரும்போது மேலே சொன்ன ஒரு மாட்டுக் கணக்கைக் கொடுக்கலாம். ஒன்பது, பத்தாம் வகுப்பில் பிள்ளைகளை உற்பத்தியாளர், வாங்குபவர், கூட்டுறவு ஒன்றியம், நிதித்துறை என்று நான்கு குழுவாகப் பிரித்து, "கையில் உள்ள ஒரு லட்சம் ரூபாயை எந்த வாசல் வழியாகச் செலவிடுவீர்கள்?" என்று விவாதிக்க வைக்கலாம். சொசைட்டிச் செயலாளரையோ கால்நடை மருத்துவரையோ ஒரு மணி நேரம் அழைத்தால் இன்னும் சிறப்பு.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். எந்த மாணவரின் வீட்டுக் கணக்கையும் கரும்பலகையில் எழுத வேண்டாம். கடனும் பற்றாக்குறையும் வகுப்புக்கு முன்னால் வெளிப்படுவது பிள்ளைக்கு வலிக்கும். கற்பனையான ஒரு வீட்டை வைத்துக்கொண்டாலே பாடம் நடக்கும்; விரும்பியவர் தம் வீட்டுக் கணக்கை வீட்டில் போட்டுப் பார்க்கட்டும்.

இன்னொரு கேள்வியையும் விட்டுவிடக் கூடாது. கொட்டில் வேலையைச் செய்வது யார், சொசைட்டி உறுப்பினர் அட்டையில் யார் பெயர், பணம் யார் கணக்கில் வருகிறது? பல வீடுகளில் முதல் கேள்விக்கு அம்மா என்றும், அடுத்த இரண்டுக்கும் அப்பா என்றும் பதில் வரும். ஊக்கத்தொகை வங்கிக் கணக்கில் போகும் காலத்தில் இது முக்கியமான வேறுபாடு. இதை விளக்கத் தனிப் பாடம் வேண்டாம்; மூன்று பதில்களையும் அடுத்தடுத்து எழுதச் சொன்னால் போதும், பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள்.

விடியற்காலையில் பால் ஊற்றிவிட்டு முதல் பாடவேளைக்குச் சற்றுத் தாமதமாக வரும் பிள்ளைகள் நம் எல்லோருடைய பள்ளியிலும் உண்டு. ஒரு நாளைக்கு 50 ரூபாய் மிஞ்சும் தொழிலைத் தாங்கிப் பிடிக்கும் கைகளில் அந்தப் பிள்ளையின் கையும் ஒன்று. இந்தக் கணக்கு தெரிந்த ஆசிரியர், அந்தப் பிள்ளையிடம் தாமதத்துக்கான காரணத்தைக் கொஞ்சம் மெதுவாகக் கேட்பார். கணக்கு தெரிந்த பிள்ளை, வளர்ந்தபின் சொசைட்டிப் பொதுக்குழுவில் எழுந்து நின்று, விலை ஏன் குறைந்தது என்று காரணத்தோடு கேட்பார். பால் கூட்டுறவுச் சங்கங்கள் உறுப்பினர்களின் சங்கங்கள். கேட்கத் தெரிந்த உறுப்பினர்களை உருவாக்குவது பள்ளியின் வேலை.